பாட்டில் என் பங்கு

என் எழுத்து கடல் கடந்து போயிருக்கிறது. இதைப் பழவேற்காட்டில் கண்ணில் பட்ட ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். சிலரிடம் பலமுறை சொன்னதாகப் புகார் உண்டு. கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த அந்தக் காலத்தில் நான் ஒரு துணி வியாபாரியிடம் வேலை பார்த்தேன். கப்பலுக்குப் போகும் மூட்டைகளின் மேல் கரிமையால் அடையாளம் எழுதுவது என் வேலை. உள்ளே இருப்பது என்ன துணி, என்ன சாயம், எந்த ஊர்த் தறி என்று சாக்கின் முதுகில் எழுதிவிட்டால் அது ஒல்லாந்தரின் பத்தாவியாத் துறைமுகம் வரை போகும். அதற்கு அப்பாலும் போகும் என்று கப்பல்காரர்கள் சொல்வார்கள். அங்கே அதைப் படிக்கத் தெரிந்த ஒரு ஜீவனும் கிடையாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். துணியை எடுத்துக்கொண்டு, சாக்கைக் கிழித்துக் கப்பல் தளம் துடைப்பார்களாம். இந்தப் பிற்பகுதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாக்கோடு நின்றிருந்தால் மரியாதையாக இருந்திருப்பேன். ஆனால் தமிழை அரைகுறையாகப் படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. அது எனக்கும் வந்தது. ஏரியின் பெருமையைச் சொல்லும் நூல் ஒன்றை ஓலையில் எழுதத் தொடங்கினேன். நூல் எழுதுகிறவனுக்கு ஒரு பட்டம் வேண்டும் அல்லவா? 'கவிராயன்' என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டத்தை எனக்கு வழங்கியவன் நான்தான். வேறு யாரும் வழங்குகிற அறிகுறி தெரியவில்லை, தலையும் நரைத்துக்கொண்டிருந்தது. ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. "இன்னா கவிராயரே, மூட்டையெல்லாம் ஏத்தியாச்சா?" என்பார்கள். அந்தக் குரலில் இருந்த கேலி எனக்குக் கேட்கவில்லை. பட்டம் வந்தவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

எழுத்துக்குக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதில் அந்நாளில் எனக்குச் சந்தேகமே கிடையாது. புரியாத சொல்லிலிருந்து வருகிறது. ஏரியைப் பற்றிய நூல். ஆனால் தண்ணீர் என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் வராது. அம்பு என்று எழுதினேன், உதகம் என்று எழுதினேன், சலிலம் என்று எழுதினேன். மாலையில் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினால், மனைவி மீன் அரிந்துகொண்டே கேட்பாள்.

"அம்பா? ஏரியில யாருய்யா அம்பு உட்டாங்கோ?"

"அம்புன்னா தண்ணி, அடியே. உயர்ந்த சொல்லு."

"தண்ணின்னா தண்ணின்னே சொல்லேன், தாகமாவது தீரும். சரி, அதுல மீனு வருதா?"

"கயல் வருது. சேல் வருது. மகரம் வருது."

"மடவை?"

"மடவையெல்லாம் நூல்ல வராது."

"மடவை வராத ஏரி இன்னா ஏரிய்யா?" என்று கேட்டுவிட்டு, அரிந்துகொண்டிருந்த மடவையைத் தூக்கி என்னிடம் காட்டினாள், அதற்காக நியாயம் கேட்பவள் போல.

நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவையடக்கம். பெரியோர் நிறைந்த சபையில் நான் ஒன்றும் அறியாதவன், என் சொல்லில் பிழை மலிந்திருக்கும், பொறுத்தருள வேண்டும் என்று பணிவாகச் சொல்லிக்கொள்கிற இடம். இந்தப் பணிவில் எனக்கு ஈடு யாரும் இருக்கக்கூடாது என்று வெறி பிடித்து எழுதினேன். பணிவு மட்டும் ஒரு கட்டு ஓலை பிடித்தது. அதைக் கேட்ட மனைவி, "இவ்ளோ தெரியாதுன்னா எதுக்குய்யா எழுதறே?" என்றாள். அவளுக்கு இலக்கணம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லைப் பார்த்தும் எனக்குப் பொறாமை உண்டு. ஒல்லாந்தர் தங்கள் செத்தவர்களைப் புதைக்கிற இடத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே போகிறவர்களுக்கு ஊர் எதுவென்று சந்தேகம் வரக்கூடாதென்று. உள்ளே ஆள் நீளத்துக்குப் பலகைக் கற்கள். கல் நிறைய எழுத்து. எழுத்தென்றால் இதுவல்லவா, இதைக் கரையான் தின்னுமா என்று ஏக்கத்தோடு நிற்பேன். காவல்காரன் கண்ணயரும் மத்தியானங்களில் குப்பத்துப் பெண்கள் அந்தக் கற்களின் மேல்தான் நெத்திலி காய வைப்பார்கள். கல் நன்றாகச் சுடும், மணலும் ஒட்டாது. ஒருத்தியிடம், "இதுல எவ்ளோ பெரிய விஷயமெல்லாம் எழுதியிருக்குது தெரியுமா?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்தது போல.

"எழுத்து இல்லாத கல்லே தேவலை கவிராயரே," என்றாள். "இந்தப் பள்ளத்துலெல்லாம் மீனு மாட்டிக்கினு வால் ஒடையுது."

நூலின் கடைசியில் வாழ்த்து வர வேண்டும். மழை வாழ்க, மன்னர் வாழ்க என்று முடிப்பது வழக்கம். எங்களுக்கு மன்னர் யார் என்பதே சிக்கல். கோட்டையில் ஒல்லாந்துத் துரை. மேற்கே நவாபின் ஆட்கள். அவர்களுக்கு நடுவில், தங்களைத் தாங்களே மன்னர் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டொருவர், என்னைப் போல. யாரை வாழ்த்தினால் யார் கோபிப்பார்கள் என்று தெரியாமல், ஏரியில் வலை கட்டுகிற இடங்களின் பெயர்களை எடுத்து வாழ்த்திவிட்டேன். இடங்கள் கோபிக்காது.

வாய்முகம் வாழ்க! சிப்பித் திட்டும் வாழ்க!
நெடுவோடை வாழ்க! தாழங் கரையும் வாழ்க!
கோட்டைக்கீழ் வாழ்க! கவிராயன் வாழ்க!

நூல் முழுவதிலும் எந்தச் சிரமமும் இல்லாமல் எழுதிய இடம் இது ஒன்றுதான். அதனால் எனக்கு இதன்மேல் மதிப்பே கிடையாது. கடைசிப் பெயர் என் முத்திரை. பாட்டுக் கட்டியவன் பெயர் பாட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பார்கள். என் நூலை எடுத்துக்கொண்டு போக யார் காத்திருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

நூல் முடிந்தால் போதாது, அரங்கேற வேண்டும். சபை கூட வேண்டும், நான் படிக்க வேண்டும், பெரிய மனிதர்கள் தலையாட்ட வேண்டும், தோளில் சால்வை விழ வேண்டும். அதுவரை அது நூல் இல்லை, வெறும் ஓலைக்கட்டு. இதற்காக என் முதலாளியை அணுகினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம துணிக்குச் சாயம் போவாதுங்கிறது இதுல வருதா?" என்றார். வராது என்றேன். "அப்ப நமக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லி மூட்டைகளைப் பார்க்க எழுந்து போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் என் நூலைப் பற்றி யாரும் சொன்னதில் அதுதான் மிகச் சுருக்கமான விமர்சனம். எனக்கு வாழ்க்கையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இந்த ஓலைக்கட்டு ஒரு சபையில் நூல் ஆக வேண்டும். என் பெயர் நாலு பேர் வாயில் நிற்க வேண்டும். அதற்கு எந்தச் சபை கிடைத்தாலும் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கோட்டைக்குப்பத்து வலைக்காரர்களின் பெரியதனக்காரர் என்னைத் தேடி வந்தார்.

அவர் பேசியதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் பாடு என்றால் வலை கட்டும் முறை. இறால் ஓடுகிற நல்ல இடங்கள் ஐந்துதான். வலைக்காரர் கூட்டங்களோ ஆறு. இன்றைக்கு எந்த இடம் எந்தக் கூட்டத்துக்கு என்று முறை வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறிக்கொண்டே போவார்கள். அந்த முறைக்கும் பாடு என்று பெயர், அந்த இடத்துக்கும் பாடு என்று பெயர். பழவேற்காட்டில் இது தெரியாத குழந்தை கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் தமிழில் ஒரு விஷமம் இருக்கிறது. பாடு என்ற சொல்லோடு ஓர் உருபைச் சேர்த்தால் அது 'பாட்டை' என்றும் 'பாட்டில்' என்றும் ஆகிவிடும். பாட்டு என்ற சொல்லோடு சேர்த்தாலும் அப்படியேதான் ஆகும். பெரியதனக்காரர் அன்று முழுக்க முழுக்க உருபு சேர்த்தே பேசினார்.

"கவிராயரே, அமாவாசைக்கு முன்னாடி ஏரிக்கரையில ஊர்க்கூட்டம். நம்ம பாட்ட நீதான் எழுதிக் குடுக்கணும்."

எனக்கு மயிர் சிலிர்த்தது. "பாட்டையா? நானா?"

"வேற யாரு கீறாங்கோ? ஓலையில எழுதிக்கினு வந்து, கூட்டத்துக்கு நடுவுல நின்னு சத்தமாப் படி. இந்த வருசம் எழுத்து இல்லாம ஆவாதுயா."

எழுத்து இல்லாமல் ஆகாதாம்! என் முதலாளி எங்கே, இந்த மனிதர் எங்கே! நான் கையைக் குவித்து, "பாட்டுல ஏதாவது குத்தம் கொறை இருந்தா..." என்று அவையடக்கத்தை ஆரம்பித்தேன்.

"பாட்டுல கொறை வந்தா வெட்டுக்குத்துதான்," என்று அவர் முடித்தார். "போன வருசம் பாட்டால மண்ட ஒடஞ்சிது தெரியும்ல?"

மண்டை உடைந்தது தெரியும். காரணம் இலக்கியம் என்று தெரியாது. சொற்குற்றம், பொருட்குற்றம் என்று வாயாலேயே கத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற புலவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பாட்டுக்காகத் துடுப்பைத் தூக்குகிற ரசிகர்கள் பக்கத்துக் குப்பத்திலேயே இருந்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை.

"இன்னொண்ணு," என்றார் அவர். "எல்லாப் பேரும் பாட்டுல வரணும். ஒண்ணு உட்டுப்போனாலும் அவன் சும்மா இருக்க மாட்டான்."

"எல்லாம் வந்துடுச்சு பெரியவரே. கடைசியில முத்திரையா என் பேரும் வரும்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "பாரேன், கவிராயருக்கும் பாட்டுல பங்கு ஓணுமாம்!"

நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சபை கிடைத்துவிட்டது. இனி சாற்றுகவி வேண்டும். நூலைப் படித்த பெரும்புலவர் ஒருவர் ஆஹா என்று மெய்ம்மறந்து பாடிக் கொடுக்கும் பாட்டுக்குத்தான் சாற்றுகவி என்று பெயர். பொன்னேரியில் அப்படி மெய்ம்மறப்பதையே தொழிலாக வைத்திருந்த புலவர் ஒருவர் இருந்தார். பட்டுத்துணியில் சுற்றிய என் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு, கூடவே ஒரு கூடை நல்ல காய்ந்த இறாலும் எடுத்துக்கொண்டு போனேன். புலவர் சுத்த சைவம். கூடையைப் பார்த்து முகம் சுளித்து, "மாட்டுக்கு வைக்கலாம்," என்று சொல்லி அவரே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் மாடு எதுவும் என் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். என் நூலை வாங்கினார். அவிழ்ப்பார் என்று பார்த்தேன். அவிழ்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஒரு தரம் ஆட்டினார், சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதைப் போல.

"கனமான நூல்," என்றார்.

அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டுச் சொன்னார். இந்த நூலைக் கேட்ட நாள் முதலாகத் தேன் கசந்தது, பால் புளித்தது, கரும்பு வேம்பாயிற்று என்று போயிற்று அது. நூல் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் இழுப்பு இழுத்து நிறுத்தி, "இங்க உம்ம நூல் பேரைப் போட்டுக்கும். சீர் இடிச்சா கொஞ்சம் நீட்டிக்கும்," என்றார். எத்தனை நூல்களுக்காக அந்தத் தேன் கசந்திருக்கிறதோ! எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் கண்ணில் ஈரம் பார்த்ததாகக்கூட நினைவு. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் சமையல்கட்டு; புகை வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சாற்றுகவியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பால் புளித்தது என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"பாலு புளிச்சதுக்கு உன் நூலுதான் காரணம்னு ஊரெல்லாம் சொல்லப் போறியா? பால்காரி வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

கூட்டத்து நாள் வந்தது. பொழுது விடிந்து வெயில் ஏறத் தொடங்கிய வேளை. ஆறு கூட்டத்து ஆட்களும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். படகுகளில் வலை ஏற்றியாகிவிட்டது. நீர் வடியத் தொடங்கினால் இறால் அதோடு முகத்துவாரத்தை நோக்கி ஓடும். அதற்குள் முறை தெரிந்து வலை கட்டியாக வேண்டும். நான் இதையெல்லாம் நினைக்கவில்லை. எத்தனை தலைகள் என்று பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய சபை பொன்னேரிப் புலவருக்குக்கூடக் கிடைத்திருக்காது. பெண்கள் பக்கம் என் மனைவியும் நின்றாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

பட்டுத்துணியை அவிழ்த்தேன். காப்புச் செய்யுள் படித்தேன். சாற்றுகவி படித்தேன். அவையடக்கத்துக்குள் இறங்கினேன். ஒருவரும் அசையவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பிற்பாடுதான் காரணம் தெரிந்தது. கோட்டையிலிருந்து தமுக்கு அடித்து எந்த உத்தரவு வந்தாலும் முதலில் துரையின் பட்டம், அவருக்கு மேலே இருக்கும் துரையின் பட்டம், அவர் பாட்டனார் பட்டம் என்று நெடுநேரம் போன பிறகுதான் 'ஆகையால்' என்று விஷயம் வரும். என் நூலையும் அப்படியே நினைத்து, 'ஆகையால்' எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

அவையடக்கம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. முன்வரிசையில் இருந்த வாய்த்துடுக்கான வலைக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார்.

"கவிராயரே, உனக்கு ஒண்ணும் தெரியாது, சரி, ஒத்துக்கினோம். எங்க பாடு எங்க?"

பாடு! உருபு சேராமல் அந்தச் சொல் என் காதில் விழுந்தது அப்போதுதான். கையில் இருப்பது என்ன, அவர்கள் கேட்பது என்ன என்று ஒரே நொடியில் தெளிவாகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தேன். பலர் கையில் துடுப்பு இருந்தது.

"வருது, வருது," என்றேன். "கொஞ்சம் பின்னால வருது."

"நீரு வடியுதுயா! பின்னால வந்தா மீனுக்குச் சொல்லுவியா?" என்று இன்னொருவர் கத்தினார்.

பெரியதனக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பயத்தில் ஓலைகளைப் புரட்டினேன். நாட்டு வருணனை போயிற்று, நீர் வருணனை போயிற்று, கயலும் சேலும் மகரமும் போயின. கடைசி ஓலை கைக்கு வந்ததும், அதில்தான் இடங்களின் பெயர்கள் இருக்கின்றன என்று நினைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்தைப் படித்தேன்.

படித்து முடித்ததும் கண்ணைத் திறந்தேன்.

"இன்னொரு தபா படி," என்றார் பெரியதனக்காரர்.

படித்தேன். விரல் மடக்கினார்கள். உதடுகள் அசைந்தன. வாய்முகம், சிப்பித்திட்டு, நெடுவோடை, தாழங்கரை, கோட்டைக்கீழ்.

"வரிசை நல்லாதான் கீது," என்றார் துடுக்குக்காரர். "வாழ்க வாழ்கன்னு நடுவுல இன்னாத்துக்கோ சொல்றான், அத உட்ரு. அஞ்சு பாடு ஆச்சு. ஆறாவது இன்னா அது, கவிராயன்? அப்பிடி எந்தப் பாடும் ஏரியில இல்லியே?"

அங்கேதான் போன வருடச் சண்டையின் வேர் இருந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன். இடம் ஐந்து, கூட்டம் ஆறு. ஒரு கூட்டம் கரையில் இருந்தாக வேண்டும். அப்படிக் கரையில் இருக்கிற முறைக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் அது யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நேற்று நாங்கள்தான் இருந்தோம், இன்றைக்கு நீங்கள் இருங்கள் என்று தொடங்கித் துடுப்பில் போய் முடியும்.

"கவிராயன்னா..." என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழக்குரல் இழுத்தது. "கரையில சும்மா ஒக்காந்துக்கினு ஏரியப் பாத்துக்கினு இருக்கறதுதானேடா?"

கரை முழுவதும் வெடித்துச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சிரிப்பும் கேட்டது. நான் ஓலையைத் தூக்கிக்கொண்டு, "அது பாடு இல்ல! அது என் பேரு! முத்திரை!" என்று கத்தினேன்.

"இருந்துட்டுப் போவுதுயா," என்றார் பெரியதனக்காரர். "நீதானே பாட்டுல பங்கு கேட்டே?"

எந்தக் கூட்டம் எந்தப் பெயரில் தொடங்குவது என்று சீட்டுப் போட்டார்கள். கவிராயன் விழுந்த கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது, ஆனால் சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டது. மற்றவர்கள் படகைத் தள்ளினார்கள். பழவேற்காட்டு ஏரியில் நினைவு தெரிந்த நாளாகச் சண்டை இல்லாமல் பாடு போட்டது அன்றைக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் சால்வை விழவில்லை. கடைசி ஓலையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மீதியைப் பட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

என் பெயர் நாலு பேர் வாயில் நிற்க வேண்டும் என்று கேட்டேன் அல்லவா? நாலு குப்பத்து வாயிலும் நின்றது. மீன்காரி எங்கள் வாசலில் வெறும் கூடையோடு வந்து, "இன்னிக்கி மீனு இல்லம்மா, எங்களுக்குக் கவிராயன்," என்பாள். மனைவி உள்ளே திரும்பிப் பார்த்து, "எனக்குந்தாம்மா, தெனம் தெனம்," என்பாள். வேலைக்குப் போகாத புருஷனைப் பெண்டாட்டிகள், "எழுந்திருய்யா கவிராயன்," என்று திட்டத் தொடங்கினார்கள். வலையில் ஒன்றும் விழாவிட்டால் கவிராயன். அடுப்பு எரியாவிட்டால் கவிராயன். ஒரு நாள் துணிக்கிடங்கில் என் முதலாளியே, "சரக்கு இன்னிக்கி வரல, கவிராயன்," என்று சொல்லிவிட்டு, நான் அங்கே நிற்பதைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு உழைத்துப் புரியாத சொற்களாகத் தேடித் தேடி எழுதியவன் நான். கடைசியில், ஊருக்கே புரிகிற சொல் ஒன்றைத் தமிழுக்குக் கொடுத்திருக்கிறேன். பொருள்: ஒன்றுமில்லை.

பொறுக்க முடியாமல் பெரியதனக்காரரிடம் போனேன். "என் பேர எடுத்துடுங்க பெரியவரே. அந்த எடத்துல 'ஓய்வு'ன்னு போட்டுப் புதுசா எழுதித் தரேன். நல்ல சொல்லு, பொருளும் சரியா வரும்."

"எனக்கின்னா? எழுதிக்கினு வா," என்றார்.

புது ஓலையில் எழுதிக்கொண்டு அடுத்த ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். பழைய ஓலைக்கட்டையும் பட்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சபை என்று ஒன்று கூடுகிறது. யாராவது மீதியைப் படிக்கச் சொல்லலாம். நம்பிக்கை என்பது அவ்வளவு கேவலமான வஸ்து.

கோட்டைக்கீழ் வாழ்க, ஓய்வும் வாழ்க என்று படித்து முடித்தேன். சீட்டில் ஓய்வு விழுந்தது அந்தத் துடுக்குக்காரர் கூட்டத்துக்கு.

"ஓய்வா?" என்று எழுந்தார் அவர். "எனக்கு இன்னாத்துக்குடா ஓய்வு? நான் இன்னா சீக்காளியா? எங்க நைனா எம்பது வயசுல வலை இழுத்தாரு, அவருக்கே ஓய்வு இல்ல!"

"உனக்கு விழுந்துச்சுன்னா நீதான் இருக்கணும்," என்றார் எதிர்க்கூட்டத்துக்காரர்.

"நீ இரு. உனக்குத்தான் மூச்சு வாங்குது."

அவ்வளவுதான். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதில் தொடங்கி, யார் பாட்டனுக்கு மூச்சு வாங்கியது என்பது வரை போனது. துடுப்புகள் எழுந்தன. நீர் வடிந்துகொண்டிருந்தது. "கவிராயன்னு சொன்னப்போ எவனாவது சண்ட போட்டானா?" என்று ஒருவர் கேட்டதும், இன்னும் இருவர், "ஆமா, கவிராயன் எங்கடா? அத யாருடா எடுத்தது?" என்று கத்தினார்கள். பெரியதனக்காரர் என் கையைப் பிடித்து நடுவில் இழுத்து விட்டார்.

"யோவ், மண்ட ஒடையறதுக்குள்ள உன் பேரச் சொல்லித் தொலையேன்!"

என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தச் சொல்லுக்காகவும் ஒரு கூட்டம் அப்படிக் காத்திருந்ததில்லை. அந்த நேரத்தில் நான் செய்ய விரும்பியது, ஓலையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாக்கு மூட்டைகளுக்கே ஓடிப்போவது. ஆனால் துடுக்குக்காரரின் துடுப்பு உயர்ந்திருந்த இடத்துக்கும் எதிரில் இருந்தவர் தலைக்கும் நடுவில் நான்தான் நின்றேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாய்முகம்! சிப்பித்திட்டு! நெடுவோடை! தாழங்கரை! கோட்டைக்கீழ்!" கடைசிப் பெயரைச் சொல்லாமல் நிறுத்தினேன். கரை முழுவதும் என் வாயைப் பார்த்தது. "கவிராயன்!"

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். துடுப்பு இறங்கியது. "இப்ப சரி," என்றார் துடுக்குக்காரர், மணலில் உட்கார்ந்துகொண்டே. "கவிராயன்னா கவிராயன். அதுக்கின்னா, இருந்துட்டுப் போறேன்."

படகுகள் போய்விட்டன. நான் ஓலைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். கரையில் தங்கிய கூட்டம் முந்தின நாள் மீனைச் சுடுவதற்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தது. விறகு ஈரம், புகைந்துகொண்டே இருந்தது.

"கவிராயரே, ஓலை கீதா?" என்று கேட்டார் துடுக்குக்காரர், என் பட்டுக்கட்டைப் பார்த்து. அவர் நிஜமாகவே அடுப்புக்குத்தான் கேட்டார்; அவருக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

யோசித்தேன். அவையடக்கத்தை மட்டும் உருவிக் கொடுத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது, வைத்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது. பணிவு அப்படி எரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எங்க கெளம்பிட்டே? இன்னிக்கி நமக்கெல்லாம் கவிராயன்தானே?" என்று நகர்ந்து இடம் விட்டார் அவர். "நீ உன் பாட்டுக்கு ஒக்காரு."

உட்கார்ந்தேன். மீதிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அடுப்பு மறுபடி அணைந்தால் நாட்டு வருணனையைக் கேட்பார்கள் என்று ஒரு கண் அதன்மேல் இருந்தது. சுட்ட மீனைத் தாமரை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். மடவை. நூலில் வராது என்று நான் சொன்ன மீன்.